பாம்பு நின்ற இடம்

மழை விட்ட மாலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு தவளை கத்திக்கொண்டிருக்கிறது. மழைக்குக் கத்துகிற கத்தல் இல்லை இது. இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிறுத்து. பின்னங்கால்கள் பாம்பின் வாய்க்குள் போய்விட்ட தவளைதான் இப்படிக் கத்தும். பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் நின்றால் தேவலை என்றிருக்கிறது. நின்றுவிடுமோ என்றும் இருக்கிறது.

எலிக்கு இந்த அவகாசம் கிடையாது. கீச்சென்று ஒரே சத்தம். அதை நான் கேட்டது போடியில், ஓர் ஏலக்காய்க் குடோனில், யுத்த காலத்தில். எனக்கு அங்கே எடை போடுகிற வேலை. மலை மெட்டிலிருந்து கழுதைப் பொதிகளில் காய் இறங்கும். ஏலம் மணக்கும் என்பார்கள். மூட்டை மூட்டையாக அடுக்கிய இடத்தில் அது மணக்காது, கண்ணைக் கரிக்கும். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், மாப்பிள்ளை பாயசம் மாதிரி மணக்கிறார் என்று சிரித்தார்களாம். சம்பந்தம் அமையவில்லை. அது கிடக்கட்டும்.

பெண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து சுளகில் காய் பொறுக்குவார்கள். காம்பு கிள்ளி, பச்சை தனியே, வெளுத்தது தனியே. ஒரு வரிசையின் கடைசியில் பேச்சி. அவளை ஒட்டி அவள் மாமியார் வெள்ளத்தாய். பேச்சியின் புருசன் பட்டாளத்துக்குப் போய் இரண்டு தீபாவளி கழிந்திருந்தது. தாய்வீடு என்று அவளுக்கு ஒன்று இல்லை, காலரா கொண்டுபோய்விட்டது.

மூட்டைச் சந்திலிருந்துதான் கீச்சென்றது. எலி வெளியே ஓடி வந்தது. ஓட்டம் நேராக இல்லை, கள் குடித்தவன் நடை மாதிரி. மாமியாருக்கும் மருமகளுக்கும் எதிரே வந்து சாய்ந்து காலை உதறியது. பின்னாலேயே நல்ல பாம்பு. அதற்கு அவசரமே இல்லை. கடித்தாயிற்று, இனி எலி எங்கே போகும்? நாக்கை நீட்டி நீட்டி, எலி ஓடிய தடத்திலேயே வந்தது.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்காதீர்கள். மூட்டை அடுக்கின் உச்சியில். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. பாம்பு எலியை நாக்கால் தடவித் தடவித் தலையைத் தேடியது. தலை அகப்பட்டதும் வாயைத் திறந்தது. பாம்புக்கு மெல்லத் தெரியாது. தாடையின் வலதுபக்கம் ஓர் எட்டு, இடதுபக்கம் ஓர் எட்டு, எலியின்மேல் நடந்து போவதைப் போல. வாய் தன் அளவை மறந்து விரிந்தது. இமையில்லாத அந்தக் கண்கள் பேச்சியின் பக்கம் இருந்தன. ஒருவரும் அசையவில்லை. அவள் மடியிலிருந்த சுளகு மட்டும் நடுங்கி, காய்கள் சரசரத்தன. கடைசியில் எலியின் வாலும் உள்ளே போனது. பாம்பு கொட்டாவி விட்டுக் கோணிய தாடையைச் சரிசெய்துகொண்டு வந்த சந்துக்கே திரும்பியது.

மூச்சு வந்த பிறகு முதலில் பேசியவள் எதிர்வரிசை ராக்காயி. பேச்சியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பிள்ளத்தாச்சியக் கண்டா பாம்புக்குக் கண்ணு அவிஞ்சிரும். நின்ன எடத்துலயே நின்னுரும்.”

எங்கள் பக்கத்தில் இதை நம்பாதவர் கிடையாது. பாம்பு நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். அப்படியானால், புருசன் ஊரில் இல்லாதவளுக்கு வயிற்றில் பிள்ளை ஏது?

வாயில் எலி இருக்கும்போது எந்தப் பாம்பும் நகராது, விழுங்கி முடிக்க வேண்டாமா என்று நான் எடுத்துச் சொன்னேன்.

“நீங்க மூட்ட மேல இருந்துல பாத்தீக தம்பி. நாங்க தரையில இருந்து பாத்தோம்,” என்றாள் ராக்காயி. இரண்டு வரிசையும் சிரித்தது. அதோடு என் பாம்பு சாஸ்திரம் முடிந்தது.

மறுநாள் பேச்சியின் இடத்தில் யாரோ மாங்காய்ப் பிஞ்சு வைத்திருந்தார்கள். தண்ணீர்ப் பானைக்கு அவள் எழுந்தால் பேச்சு நின்றது. வாரங்கள் போயும் வயிறு தட்டையாகவே இருந்தது. அதற்கும் ஒரு மருத்துவச்சியின் பெயரைச் சொல்லிக் காரணம் வைத்திருந்தார்கள். வெள்ளத்தாய் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மகனுக்காக ஊர்க்கூட்டத்தில் அவள் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் போதும், கல்யாணம் அறுந்துவிடும். சாயங்காலங்களில் மாமியார் முன்னே போக, பேச்சி எட்டிப் பிடிக்காத தூரத்தில் பின்னே போவாள். கடிபட்ட பிறகும் எலி கொஞ்ச தூரம் ஓடியதே, அதுதான் எனக்கு ஞாபகம் வரும்.

அந்த வருசத்துக் காய் முடிந்ததும் நான் மதுரைக்கு வந்துவிட்டேன். இப்போது குடோன் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. கழுதைகள் இறங்கிய தடத்தைப் புல் மூடிவிட்டது. அந்த மனுசிகளில் ஒருத்தியையும் அப்புறம் நான் பார்க்கவில்லை. பட்டாளத்துக்காரன் திரும்பி வந்தானா என்றும் தெரியாது. கடைசி நாள் வாசலில் கேட்டது மட்டும் காதில் இருக்கிறது.

காய் எதையும் முடிந்துகொள்ளவில்லை என்று முந்தானையை உதறிக் காட்டிவிட்டுப் பெண்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ராக்காயி எல்லோருக்கும் கேட்கும்படி, “மகன் வாறதுக்குள்ள தொட்டில் கட்டிருவீகளா மதினி?” என்றாள்.

வெள்ளத்தாய் நின்றாள். பின்னால் பேச்சியும் நின்றாள். மாமியார்தான் பேசினாள்.

“அந்தப் பாம்பு எனக்கும் நேராத்தான நின்னுச்சு. எனக்கு வளகாப்ப என்னைக்கு வச்சிருக்கீக?”

ஒருத்தியும் சிரிக்கவில்லை. வெள்ளத்தாய் திரும்பி, மருமகள் பக்கம் கையை நீட்டினாள்.

“வா ஆத்தா. வீட்டுக்குப் போவம்.”