யூ இல்லாத க்யூ

ஆயிஷா சித்திகாவின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியவர் அவளுடைய ஆறாம் வகுப்பு வாத்தியார். சித்திகா என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது அவள் க்யூவை அடுத்து நேராக ஏ போட்டிருந்தாள். "க்யூ வந்தா பின்னாடியே யூ வரணும். பேரக்கூட ஒழுங்கா எழுதத் தெரியல" என்று அவர் நடுவில் ஒரு யூவைச் செருகி, பதிவேட்டிலும் அப்படியே ஏற்றிவிட்டார். தெற்கு மாசி வீதியில் கைலிக்கடை வைத்திருந்த அவளுடைய அத்தா ஜமீல் மகளிடம், "ஒரு எழுத்துதானம்மா, விட்டுரு" என்றார்.

அவள் விடவில்லை. மார்க் ஷீட்டில் யூ இருந்தது, ஆதாரில் இல்லை. பாஸ்போர்ட், பேங்க், பி.எட். சேர்க்கை என்று போய் நின்ற இடத்திலெல்லாம் "இது ரெண்டும் ஒரே ஆளா?" என்று கேட்டார்கள். கல்யாணமான வருஷம் வக்கீல் வைத்து, கெஜட்டில் போட்டு, அந்த யூவைப் பிடுங்கி எறிந்தாள். கோபம் மட்டும் உள்ளேயே கிடந்தது.

திருநகரில் ஒரு தனியார் பள்ளியில் அவள் ஆங்கில ஆசிரியை ஆனாள். யூ துணையில்லாமல் க்யூ தனியாக நிற்கும் சொற்களைச் சொல்லிக்கொடுக்கவென்றே எட்டாம் வகுப்பில் வருஷாவருஷம் ஒரு பாடவேளையை ஒதுக்குவாள். ஃபகீர் என்றால் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத துறவி. காதி என்றால் வழக்குக் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர். அந்தக் காதிதான் நம் ஊர் நாக்கில் காஜியாகி, அவள் குடியிருக்கும் காஜிமார் தெருவுக்குப் பெயரானது. கனாத் என்றால் மலையடித் தண்ணீரைப் பூமிக்குள்ளேயே ஊருக்குக் கொண்டுவரும் வாய்க்கால். ஒரு வருஷம் அதைக் கேட்டதும் விருமாண்டி என்ற மாணவன் எழுந்து, "அப்ப எங்க உசிலம்பட்டிக்கு ஒரு கனாத் வெட்டிரலாம்ல மிஸ்?" என்றான். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அந்த ஜனவரியில் பள்ளிகளுக்கிடையே சொற்போட்டி அவர்கள் பள்ளியில் நடந்தது. நடுவர் பாலகணேஷ் ஊரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துபவர். க்யூ வரும் சொற்களை எழுத வேண்டும் என்பது கடைசிச் சுற்று. ஆயிஷாவின் மாணவி ஸ்ரீவர்ஷினி மளமளவென்று எழுதினாள். திரும்பி வந்த தாளில் ஃபகீர், கனாத், புர்கா, க்வெர்ட்டி நான்கும் அடிக்கப்பட்டிருந்தன. முதலிடம் பரவை ஊர்ப் பள்ளியிலிருந்து வந்த பையனுக்குப் போனது.

ஆயிஷா மேடையேறினாள். "சார், இந்த நாலையும் ஏன் அடிச்சீங்க?"

"யூ இல்லாம க்யூ வருமா மேடம்? பேசிக் ரூல்."

அவள் நூலகத்துக்குப் போய் டிக்‌ஷனரியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக விரலை வைத்துக் காட்டினாள். பாலகணேஷ் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இருக்கட்டும். ஆனா இதெல்லாம் இங்கிலீஷ் இல்ல. உங்க ஆளுங்க வார்த்தை. வீட்டுல பேசுறத வகுப்புல சொல்லிக்குடுத்திருக்கீங்க."

அவள் டிக்‌ஷனரியை மூடினாள். குரலை உயர்த்தவில்லை. "எங்க வீட்டுல தமிழ்தான் சார் பேசுறோம். கேட்டமரன்னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கே, அது நம்ம கட்டுமரம். அதையும் அடிப்பீங்களா? கடைசியா அடிச்சிருக்கீங்களே க்வெர்ட்டி, அது கீபோர்டு மேல் வரிசையில இருக்கிற எழுத்துக. அது எந்தப் பள்ளிவாசல்ல இருந்து வந்துச்சு?"

மைக் அணைக்கப்படாமல் இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளித் தாளாளர் ஜனகராஜ் வேகமாக மேடைக்கு வந்தார்.

"மேடம், வெளி ஸ்கூல்காரங்க இருக்காங்க. அப்பறம் பேசிக்கலாம்."

"அப்பறம்னா எப்ப சார்? பரிசு குடுத்த பெறகா?"

அவர் பரிசுக் கோப்பைகளை எடுத்துவரச் சொன்னார். சான்றிதழில் ஆங்கில ஆசிரியை கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்கள். ஆயிஷா பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

வாசலில் ஸ்ரீவர்ஷினியின் அம்மா ஸ்வப்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், கோவிச்சுக்காதீங்க. ரெண்டாம் பரிசே எங்களுக்குப் போதும். இவ இன்னும் நாலு வருஷம் இங்கதான் படிக்கணும். எங்களுக்காகச் சண்ட போட வேண்டாம்."

"உங்களுக்காகப் போடலங்க" என்றாள் ஆயிஷா. ஸ்வப்னாவின் முகம் சுருங்கியது. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நிஜம் என்று ஆயிஷாவுக்கே தெரிந்தது. ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

ஸ்ரீவர்ஷினி கோப்பையை நெஞ்சோடு அணைத்தபடி கேட்டாள். "மிஸ், நான் எழுதுனது சரிதான?"

"நாலும் சரி. யாரு கேட்டாலும் சரின்னு சொல்லு."

ஜூனில் பள்ளி திறந்தபோது அவளை மூன்றாம் வகுப்புக்கு மாற்றியிருந்தார்கள். "சின்னப் பிள்ளைகளுக்கு உங்கள மாதிரி ஆள்தான் வேணும் மேடம்" என்று ஜனகராஜ் இனிக்க இனிக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து அவள் பாத்திரங்களை உருட்டிய சத்தத்தில், கணவன் ஷாநவாஸ் சமையல்கட்டுக்கு வந்து நின்றான்.

"வேற ஸ்கூல் பாத்துக்க ஆயிஷா. இம்புட்டுக் கோவத்த வச்சுக்கிட்டு எப்படி அங்க போவ?"

"தப்பு செஞ்சவங்க அங்க உக்காந்திருக்க, நான் எதுக்குப் போகணும்?"

மூன்றாம் வகுப்புச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. க்யூவும் யூவும் கைகோத்து நிற்க, கீழே 'எப்போதும் பிரியாத நண்பர்கள்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. முதல் வாரமே அவள் நாற்காலியில் ஏறி, 'எப்போதும்' என்ற சொல்லை மார்க்கரால் அடித்துவிட்டு மேலே 'பெரும்பாலும்' என்று எழுதினாள். பிள்ளைகள் அதையே வீட்டில் போய்ச் சொல்ல, டீச்சர் பிள்ளைகளைக் குழப்புகிறார் என்று யாரோ ஒரு பெற்றோர் புகார் கொடுத்தார். ஜனகராஜ் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"சார்ட்டுல கிறுக்குனது யாரு மேடம்?"

"கிறுக்கல சார், திருத்துனேன். நான்தான்."

"புதுசு வாங்கி ஒட்டச் சொல்லப்போறேன்."

"ஒட்டுங்க. அதையும் திருத்துவேன்."

அவர் மேசைமேல் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்துப் பேசத் தொடங்கினார். போகலாம் என்று சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. அடுத்த பாடவேளைக்கு மணி அடிக்கவே ஆயிஷா வகுப்புக்குப் போனாள்.