ரங்கசாமியின் புறாக்கள் போன இடம்

ரங்கசாமிக்கு லீலா இரண்டாம் தாரம் என்று தெருவே கிண்டல் செய்யும். முதல் தாரம் மாடியில் இருந்தது: ஒரு கூண்டு நிறையப் பந்தயப் புறாக்கள். ஆரணியில் பட்டுத்தறி போடுகிறவனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும்தான். கேரம் போர்டு இருக்கிறது, டீக்கடை அரசியல் இருக்கிறது. இந்த மனுஷனுக்கு வாய்த்தது புறா. லாரியில் ஏற்றி நாக்பூர் வரைக்கும் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். அதுகள் யாரிடமும் வழி கேட்காமல் இந்த மாடிக்கே வந்து இறங்கும். அன்றைக்கு அவர் தறிக்குழிப் பக்கமே போகமாட்டார். தகர டப்பாவில் கம்பைப் போட்டுக் குலுக்கிக்கொண்டு வானத்தையே பார்த்து நிற்பார்.

எச்சத் தூசிதான் நுரையீரலை அரிக்கிறது, புறாவை விட்டுவிடுங்கள் என்று வேலூர் டாக்டர் தலையால் அடித்துக்கொண்டார். இவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடியும் மாடி ஏறினார். கடைசியில் ஆக்சிஜன் சிலிண்டரோடு கிடந்து, போன ஐப்பசியில் செத்துப்போனார். லீலாவுக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. கட்டினவள் பேச்சைவிடப் புறா பெரிசாகப் போய்விட்டதே என்ற கோபம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டிய மகள் ஜெயப்ரியா, போளூரிலிருந்து போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“அப்பா மூச்சுக்கு அல்லாடினத பாத்துகினு இருந்தவ நான். என் புள்ளைக்கு அது வேணாம்மா. மாடியில ஒரு புறா இருந்தாலும் வரமாட்டேன். வளைகாப்பு முடிஞ்சதும் இங்கியே இருந்துக்கறேன்.”

அவளும் வராவிட்டால் லீலா யாரோடு பேசுவாள்? தறிக்கு நூல் தார் சுற்றுகிற ராட்டினத்தோடா? புறாக்களை விற்றுவிடுவது என்று அன்றைக்கே முடிவுகட்டினாள்.

கண்ணமங்கலத்து வாத்தியார் சத்தியராஜ் ஆசை ஆசையாக வந்து வாங்கிப்போனார். நல்ல மனுஷர், ஆனால் புறா வளர்ப்புக்குப் புதிது. ஒரு மாதம் அடைத்துவைத்தால் பழகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, மாதம் முடிந்ததும் திறந்துவிட்டார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூலுக்குக் கிளம்புவதற்குள் அத்தனையும் லீலாவின் மாடியில். கூண்டை அவள் எப்போதோ பிரித்துப்போட்டுவிட்டாள். அது இருந்த இடத்தில் வெறும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வாத்தியார் வந்து பாடுபட்டுப் பிடித்துப்போனார். இன்னும் ஒரு மாதம் அடைத்து வைத்தார். மறுபடியும் அதே கதை.

“மன்னிச்சிடுங்க அக்கா, என்னால ஆவல” என்றார் போனில். “இதுங்கள உயிரோட எங்க குடுத்தாலும் உங்க வீட்டுக்குத்தான் வரும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ‘உயிரோட’ என்ற சொல் லீலாவின் காதிலேயே நின்றுவிட்டது. வளைகாப்புக்கு நாலு நாள்தான் இருந்தது.

ஏரிக்கரையில் காடையும் புறாவும் உரித்து விற்கிற தனகோடியை வரச் சொன்னாள். கை கால் விளங்காதவர்களுக்குப் புறாக்கறி நல்லது என்று அவனிடம் தேடிவந்து வாங்குவார்கள். கூடையோடு மாடி ஏறினான். ஒன்றுகூட அவன் கைக்குச் சிக்கவில்லை. எல்லாம் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக்கொண்டன.

“வெளியாள் கைக்கு வராதுங்கமா. நீங்க கூப்புடுங்க, ஜல்தியா முடிச்சிடலாம்.”

லீலா ஒருநாளும் அதுகளைக் கூப்பிட்டதில்லை. புருஷன் போன பிறகுகூடத் தீனியை வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுவாள். இப்போது தகர டப்பாவை எடுத்துவந்து, அவர் குலுக்குகிற மாதிரியே குலுக்கினாள்.

மொத்தமும் இறங்கி வந்தது. அவள் காலைச் சுற்றிக் கம்பு பொறுக்கியது. தனகோடி குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கூடைக்குள் போட்டான். அவள் குலுக்குவதை நிறுத்தவில்லை. ஒன்று அவள் தோளில் ஏறி உட்கார்ந்தது. அதை அவளே பிடித்துக் கொடுத்தாள். கைக்குள் கதகதப்பாக இருந்தது, பயப்படக்கூட இல்லை.

அவன் போனதும் படியில் உட்கார்ந்து அழுதாள். புருஷன் செத்தபோது வராத அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது.

வளைகாப்பு முடிந்து ஜெயப்ரியா வந்து சேர்ந்தாள். பினாயில் ஊற்றிக் கழுவின மாடியைப் பார்க்க மெதுவாகப் படியேறி வந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“வாத்தியார் நல்லா பாத்துக்கறாராம்மா?”

“பாத்துக்கறாரு.”

“நான்தான் வேணான்னேன். இருந்தாலும் மனசு கேக்கல. புள்ள கொஞ்சம் பெருசானதும் கண்ணமங்கலம் தூக்கினு போயி காட்டணும்மா, தாத்தா புறான்னு. தூர நின்னு காட்னா ஒண்ணும் ஆவாது.”

“காட்டலாம்” என்றாள் லீலா.

ஜெயப்ரியா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, எந்தப் புறாவுக்கு அப்பா என்ன பேர் வைத்திருந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். லீலா ஒவ்வொரு பேருக்கும் ‘உம்’ கொட்டினாள்.