புகார் கொடுத்தவர் தோட்டத்துப் புழு

பூச்சியியல் பிரிவில் தொழில்நுட்ப அலுவலராக இருந்தேன். ஓய்வு பெற ஓராண்டு இருக்கும்போது அந்தப் புகார் வந்தது. அனுப்பியது, நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் குடியிருந்த அதே பிளாக்கின் குடியிருப்போர் சங்கம். டவுன்ஷிப் சுவருக்கு வெளியே அஞ்சலை என்பவரின் அரை ஏக்கர் கத்தரியிலிருந்து காய்ப்புழு குவார்ட்டர்ஸ் தோட்டங்களுக்குப் பரவுகிறதாம்; பயிரை உழுது அழிக்க வேண்டுமாம். பரிந்துரையை எங்கள் பிரிவுத் தலைவர் அன்றே தட்டச்சு செய்துவிட்டார். என் கையெழுத்துதான் பாக்கி. ஆய்வுக்கு முன்பே முடிவு தயாராவதை அலுவலகத்தில் சுறுசுறுப்பு என்பார்கள்.

வயலுக்குப் போனேன். செடி முழுக்கக் காய். அஞ்சலை பறிப்பதை நிறுத்தவில்லை.

"எங்க புழு செவுரு ஏறி உங்க வூட்டுல குந்திக்கினு தின்னுதாங்களா? அதுக்கு கேட் பாஸ் யாருங்க குடுத்தது?"

"புழு ஏறாதும்மா. அது அந்துப்பூச்சி ஆனா பறக்கும்."

"அப்ப அங்கேருந்து இங்க பறக்காதுங்களா?"

நியாயமான கேள்வி. மாதிரி எடுக்கும் படிவத்திலும் 'பாதித்த இடம்', 'சந்தேகிக்கும் மூலம்' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. நான் இரண்டு பக்கமும் புழு எடுத்து ஆல்கஹால் குப்பிகளில் போட்டேன். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். பேனா மை கரைந்துவிடும்.

என் வீட்டுக் கத்தரியிலும் எடுத்துக்கொண்டிருந்தபோது சங்கச் செயலாளர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"மேடம், நீங்களும் நம்ம பிளாக்தானே?"

"ஆமா சார். அதான் நம்ம வீட்டுலயும் எடுக்கறேன்."

குப்பிகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். அஞ்சலை வயலின் புழுக்கள் எல்லாம் ஒரே மரபு வகை. குவார்ட்டர்ஸ் புழுக்களோ பல வகை. பெரும்பாலானவை வயலில் இல்லாதவை. யோசித்தால் வியப்பில்லை. எங்கள் பிளாக்கில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் உண்டு. லீவு முடிந்து திரும்பும்போது அவரவர் ஊர்க் கத்தரிக்காய் மூட்டையாக வரும். சொத்தைக் காய் தோட்டத்துக் குப்பைக்குழிக்குப் போகும். அதிலிருந்து புழு வெளியேறிச் சருகில் கூடு கட்டும். என் கணவர் வேலூரிலிருந்து கொண்டுவந்ததும் அதே குழியில்தான்.

தன்னிடம் இல்லாத வகையை வயல் எப்படி அனுப்பும்? அங்கிருந்து ஒன்றுகூட வரவில்லை என்று இந்தச் சோதனையால் நிரூபிக்க முடியாது என்பதையும் எழுதினேன். பரிந்துரை: பயிரை அழிக்க வேண்டாம், இரு பக்கமும் வாடிய நுனிகளைக் கிள்ளி, சொத்தைக் காயை அழிக்க வேண்டும்.

பிரிவுத் தலைவர் படித்துவிட்டு, "பிளாக்ல சண்டை வரும் மேடம். குவார்ட்டர்ஸ் சாம்பிள ரிப்போர்ட்லேருந்து எடுத்துட்டு எழுதுங்களேன்" என்றார்.

"எடுத்துடலாம் சார். ஏன் எடுத்தோம்னு நீங்க உங்க கையால காரணம் எழுதணும். விதி அப்படி."

"என்னன்னு எழுதறது?"

"அது எனக்கும் தெரியல சார்."

அறிக்கையைத் திருத்தாமல் தன் பக்கம் இழுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அஞ்சலையின் கத்தரி பருவம் முடியும்வரை காய்த்தது. செயலாளர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார், அதையும் தாங்கிக்கொண்டேன்.

இப்போது இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று: குற்றம் சாட்டப்பட்டவரின் வயலில் மட்டும் மாதிரி எடுத்தால் குற்றவாளி கட்டாயம் கிடைப்பார். புகார் கொடுத்தவர் தோட்டத்திலும் எடுங்கள். அது உங்கள் தோட்டமாக இருந்தால், முதல் குப்பியே அங்கிருந்து.