பாதிச் சண்டையைப் பகிர்ந்தவர்களுக்கு

இன்று பனச்சமூட்டிலிருந்து பாறசாலைக்கு வரும் பஸ்ஸில், பக்கத்து வீட்டு ஜெயசிங் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கேட்ட குரல் என்னுடையது.

போன வாரம் சந்தையில் மீன்காரி தங்கத்தோடு நான் போட்ட சண்டை. பழைய சாளை மீனை அடியில் வைத்து, புதியதை மேலே பரப்பியிருந்தாள். கேட்டேன், அவ்வளவுதான்.

வீடியோவுக்கு மேலே எழுதியிருந்தது: "மலையாளி மீன்காரியை அவமதிக்கும் தமிழ்க் கிழவி."

தங்கத்தின் வீட்டில் பேசுவதும் தமிழ்தான்!

"எலே, இத யாருக்கெல்லாம் அனுப்புன?"

"எல்லா குரூப்புலயும் போட்டேன் மாமி. மொழிப் பிரச்சினையாக்கும்னு நெனச்சேன். ஆளு நீங்கன்னு கவனிக்கல்ல."

"என்ன மொழிப் பிரச்சினை? நான் பாதி மலையாளத்துல ஏசினேன், பாதி தமிழ்ல ஏசினேன். அவளும் அப்படித்தான். நம்ம ஊர்ல வேற எப்படிலே சண்ட போடுவாங்க? நான் பேசின மலையாளத்தையும் அவ பேசின தமிழையும் எவனோ வெட்டி எறிஞ்சிருக்கான்!"

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் தங்கம் எனக்கு மீன் தராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் பழைய மீன் விற்பதை ஊருக்குக் காட்ட நான்தான் ஆள் வைத்துப் படம்பிடித்தேன் என்று நினைத்திருக்கிறாள். முப்பது வருடமாக அவளிடம்தான் மீன் வாங்குகிறேன்.

சாளைச் சண்டையை நாளைக்கு நானே அவளோடு பேசி முடித்துக்கொள்வேன், இரண்டு மொழியிலும்.

ஆனால் ஃபேஸ்புக்கில் அந்த வீடியோவைப் பகிர்ந்த பதினொரு பேரின் பெயரும் எனக்கு மனப்பாடம். அதில் நாலு பேர் இப்போது இதை வாசிக்கிறீர்கள். லைக் போட்டுவிட்டு நழுவ வேண்டாம். வெட்டாத வீடியோ யார் கையில் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள்.