பெரியம்மா ஜெபத்தில் சேர்த்த ஏழு பேர்

எந்த வருடம் என்பதில் எனக்கும் பெரியம்மாவுக்கும் இன்றுவரை தகராறு உண்டு. அவர் தொண்ணூற்றெட்டு என்பார். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்ததே தொண்ணூற்றெட்டு கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால்தான், ஆகவே இது தொண்ணூற்றொன்பதாகத்தான் இருக்க முடியும் என்பேன் நான். லெந்து காலம் என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமில்லை. அதைத்தான் அவர் மறக்க விரும்புகிறார்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் நாற்பதிலும் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவது எங்கள் சபையில் வழக்கம். சிலர் கறியை விடுவார்கள், சிலர் பூ வைப்பதை. பெரியம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். வியாழக்கிழமை மாலை எங்கள் வீட்டில் கூடும் பெண்கள் ஜெபக் கூட்டத்தை அவர்தான் நடத்துவார். அந்த வருடம் கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் டிவிய விட்டுட்டேன்" என்று அறிவித்தார். மற்றவர்கள் விட்டதெல்லாம் தின்பதும் குடிப்பதும்தான் என்பதால் இதற்குத் தனி மரியாதை கிடைத்தது. அதோடு நின்றிருக்கலாம். எதிர்வீட்டு அம்மா காபியை விட்டதாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் டபராவோடு உட்கார்ந்திருந்ததை, பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் புரியும்படி, அடுத்த வாரத்து ஜெபத்தில் சேர்த்துவிட்டார்.

டிவியைத் துணி போட்டு மூடியாயிற்று. ஆனால் சனிக்கிழமை மாலைகளில் இங்கிலீஷ் சானல் ஒன்றில் விண்வெளித் தொடர் ஒன்று வரும். பெரியம்மாவுக்கு அதன் மேல் தீராத ஆசை. டாக்டர்கள் பேசும் இங்கிலீஷ் அவருக்குப் புரியும், விண்வெளிக்காரர்கள் பேசுவது புரியாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரித்துக்கொண்டிருந்த நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும்.

இரண்டு சனிக்கிழமைகள் தாக்குப்பிடித்தார். மூன்றாவது சனிக்கிழமை துணியை அவரே எடுத்தார்.

"சத்தத்த உனக்கு மட்டும் கேக்கற மாதிரி வை. நீ கேளு, நான் பாக்கறேன். முழுசா யாரும் பாக்கலன்னு ஆயிடும்."

அன்று வந்த கதை இது. விண்கலம் ஒன்று பழுதாகி, பெயர் தெரியாத ஒரு கிரகத்தில் விழுகிறது. உள்ளே ஏழு பேர், அதில் ஒருத்தி கர்ப்பிணி. அவர்கள் விழுந்த இடமோ இரண்டு கூட்டத்தார் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் பள்ளத்தாக்கு. தண்ணீர் தீர்ந்துபோகிறது. அந்த நேரம் பார்த்து, அடிபட்ட வீரன் ஒருவன் தவழ்ந்து வந்து கலத்துக்குள் விழுகிறான். அவனை ஒப்படைத்தால் தண்ணீர் தருகிறோம் என்று எதிர்த் தரப்பு கூவுகிறது.

"கட்டு போடற லட்சணத்தப் பாரு," என்றார் பெரியம்மா. "ரத்தம் தொடையில வருது, இவன் முட்டிக்குக் கட்டறான்."

"பெரிம்மா, அந்த வீரன் போட்டிருக்கற பூட்ஸ் எங்க கம்பெனி மாடல் மாதிரியே இருக்குது."

"அங்க உயிர் போவுது, இவனுக்கு பூட்ஸு."

ஒப்படைப்பார்களா மாட்டார்களா என்ற இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டார்கள். பெரியம்மா அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை கூட்டத்தில், விண்ணப்பங்களைச் சொல்லும் நேரத்தில், பக்கத்து அறையிலிருந்த என் காதில் இது விழுந்தது: "ரொம்பத் தூரத்துல, ரெண்டு ஜனங்க சண்டை போட்டுக்கற எடத்துக்கு நடுவுல ஏழு பேர் மாட்டிக்கினு கீறாங்க. குடிக்கத் தண்ணி இல்ல. ஒருத்தி மாசமா இருக்கா. அவங்களுக்காக பாரத்தோட ஜெபிப்போம்."

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பெண்கள் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், அந்த ஏழு பேருக்காகச் சனிக்கிழமை ஒருவேளை உபவாசம் இருக்கலாம் என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். பெரியம்மாவும்தான்.

வெள்ளிக்கிழமை காலை நான் ஆம்பூர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மா வந்தார். முகம் வீங்கியிருந்தது. அவருடைய ஒரே மகன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அந்தப் பக்கம் எப்போது குண்டு விழும் என்று பேப்பர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம்.

"சிஸ்டர், உண்மையச் சொல்லுங்க. அந்த ஏழு பேரு என் புள்ள இருக்கற எடத்துலயா?"

"சேச்சே. அந்தப் பக்கமே இல்ல."

"அப்ப எந்தப் பக்கம்?"

"ரொம்பத் தூரம்மா."

"சத்துவாச்சாரிலருந்து பாத்தா எல்லாமே தூரம்தான். கடல் தாண்டியா?"

"கடலெல்லாம் தாண்டி."

"எதையோ மறைக்கறீங்க. ராத்திரி பூரா தூங்கல. நான் மெட்ராஸ் போயி எந்த ஆபீஸ்லயாவது விசாரிக்கறேன்."

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் ஷூ லேஸைப் பார்த்தேன். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார், இந்த அம்மாவிடம் சொல்வதுதான் அவருக்குக் கஷ்டம்.

"அது வானத்துல," என்றார்.

எதிர்வீட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். "ப்ளேன்லயா?"

"ஐயோ இல்லம்மா. டிவியில."

அந்த அம்மா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாப்பது நாள்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"என் காபிய ஜெபத்துல சேத்தீங்க."

"சேத்தேன்."

"வியாழக்கெழம நீங்களே எழுந்து சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"சரி. நாளைக்கு எத்தன மணிக்குப் போடறான்? இன்னாத்துக்கு அழுதேன்னு எனக்குத் தெரியணும்."

மறுநாள் மூவருமாகப் பார்த்தோம். இந்த முறை சத்தத்தைக் குறைக்கவில்லை. கலத்தில் இருந்தவர்கள் வீரனை ஒப்படைக்கவில்லை. கட்டுப் போட்டார்கள், இந்த முறை சரியான இடத்தில். அவன் இரவோடு இரவாக மலைக்குப் பின்னால் ஒரு பாதையைக் காட்டி ஏழு பேரையும் தப்பிக்க வைத்தான். பிறகு அவர்கள் கண்டெடுத்த ஒரே தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

"பாத்தியா, வழி காட்டினான்," என்றார் பெரியம்மா.

"பாத்தீங்களா, தண்ணிய எடுத்துக்கினு போய்ட்டான்," என்றார் எதிர்வீட்டு அம்மா. "மொதல்லயே புடிச்சிக் குடுத்திருந்தா இவ்ளோ பேஜார் ஆயிருக்காது."

"அடிபட்டு வந்தவன் பேஷன்ட்டு. வார்டுல எவன் எந்த ஊருன்னா பாத்துக்கினு இருந்தோம்?"

"வார்டுல தண்ணி இருந்துச்சு சிஸ்டர்."

வியாழக்கிழமை பெரியம்மா எழுந்து நின்றார். டிவியை விட்டதாகச் சொன்னது பொய்யாகிவிட்டது என்றும், போன வாரம் எல்லோரும் ஜெபித்தது ஒரு தொடரில் வந்தவர்களுக்காக என்றும் சொன்னார். இந்தக் கூட்டத்தை இனி வேறு யாராவது நடத்தட்டும் என்றும் சொன்னார். நான் பக்கத்து அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

கடைசியில் உபவாசம் இருந்த டீச்சர்தான் பேசினார்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சிஸ்டர். அந்த மாசமா இருந்த பொண்ணு இன்னா ஆனா?"

பெரியம்மா உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னார். இடையிடையே எதிர்வீட்டு அம்மா திருத்தினார். ஒப்படைத்திருக்க வேண்டுமா கூடாதா என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அன்று வேதபாடம் நடக்கவில்லை. கூட்டத்தை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

எதிர்வீட்டில் போன் கிடையாது. அவர் மகன் மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு எங்கள் வீட்டு நம்பருக்குத்தான் பேசுவான். அந்த ஞாயிறு மணி அடித்ததும் அவன் அம்மா ஓடி வந்தார். சாப்பாடு, சம்பளம், காய்ச்சல் எதையும் கேட்கவில்லை.

"கண்ணு, அங்க சண்ட கிண்ட வந்து, எவனாவது அடிபட்டு வந்து கதவத் தட்னா தொறக்காத. இன்னா? கேக்குதா? தொறக்காத."

பெரியம்மா ரிசீவரைப் பிடுங்கினார்.

"தொறடா. மொதல்ல ரத்தத்த நிறுத்து. தண்ணிய மட்டும் உள்ள எடுத்து வச்சிட்டு அப்பறம் தொற."

மறுமுனையில் அவன் கேட்டது எனக்கும் கேட்டது. நிமிடத்துக்கு எவ்வளவோ கொடுத்துப் பேசுகிறவன், பாவம், மிகவும் பொறுமையாகவே கேட்டான்.

"ஆன்ட்டி, வேலூர்ல இன்னா சண்ட?"