பயில்வான் ஒட்டிய கண்ணாடி

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் பயில்வான் என்றுதான் கூப்பிடுவோம். பட்டம் சூட்டியது அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். கரப்பான்பூச்சி பறந்தால் கட்டில் மேல் ஏறிக்கொள்வாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வாள். லிஃப்டில் தனியாக ஏறச் சொன்னால் ஏழு மாடியானாலும் படியில்தான் ஏறி வருவாள். சாலையைக் கடக்க வேண்டுமென்றால் யார் கையாவது கிடைக்க வேண்டும், முன்பின் தெரியாதவர் கையானாலும் பரவாயில்லை. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் பள்ளியில் கடைசி வருஷம். என்னைப் பார்த்தும் பயந்தாள். நாத்தனார் கொடுமைக்குத் தயாராக வந்தவள் நான். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பல்கலைக்கழகத்தில் அவள் கேட்டது வேதியியல். மதிப்பெண் போதவில்லை, ஜியாலஜியில் இடம் இருக்கிறது, சேர்கிறாயா என்று மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் கொஞ்சம் அதட்டலாகக் கேட்டாராம். பயத்தில் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். என் மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "நான் ஓட்டாத ரோடா, பாக்காத கல்லா? கல்லப் படிக்க ஒரு காலேஜ் வேணுமா?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் பீஸ் கட்ட முதல் ஆளாக வரிசையில் போய் நின்றதும் அவர்தான்.

ஹாஸ்டலில் இருந்து சனிக்கிழமை சனிக்கிழமை வருவாள். பையில் துணியைவிடக் கல் அதிகம் இருக்கும். கல்லை ஆணியால் கீறுவாள், லென்ஸ் வைத்துப் பார்ப்பாள். ஒருநாள் மண்கட்டி ஒன்றை ஓரத்தில் கிள்ளி வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்துவிட்டாள். பல்லில் நறநறவென்றால் வண்டலாம், வழவழவென்றால் களிமண்ணாம். "என் சமையல் பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லிடு, அதுக்காக மண்ணத் திங்காதே" என்றேன். அந்த வருஷம் முழுக்க எங்களுக்கு அவள் ஒரு நல்ல வேடிக்கையாக இருந்தாள்.

இரண்டாம் வருஷம் வேடிக்கை நின்றுபோனது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடேறும் தெருவில் கடைசி வீடு. அதற்குப் பின்னால் தெரு இல்லை, மலைதான். முன் அறை, சமையலறை, ஒரு படுக்கையறை என்று மாமா கூடவே நின்று கட்டியது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், வருகிற மருமகளுக்குத் தனி அறை வேண்டுமே என்று, பின்பக்கம் மலையின் அடியை வெட்டிச் சமப்படுத்தி ஓர் அறையைச் சேர்த்தார். ஆக, அந்த மலை வெட்டப்பட்டது எனக்காக. அந்த அறையில்தான் நாங்கள் படுத்தோம். பெண் பிறந்ததும் அவளுடைய தொட்டிலும் அந்தப் பின்சுவரை ஒட்டித்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை பயில்வான் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. நேரே வீட்டின் பின்பக்கம் போய் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பேயறைந்த முகம். என்னடி என்று கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளாஸ்ல ஒரு படம் போட்டாங்க அண்ணி. அடிய வெட்டின மலை. மரமெல்லாம் வேர்கிட்ட வளஞ்சு மேல நிமிர்ந்து நிக்குது. கரண்ட் கம்பம் சாஞ்சிருக்கு. கீழ ஒரு வீடு, அதோட சுவத்துல விரிசல். எல்லாரும் நோட்ஸ் எடுத்தாங்க. எனக்குக் கையே ஓடல. அது நம்ம வீடு மாதிரியே இருந்துச்சு."

நான் திரும்பிப் பார்த்தேன். தினமும் துணி காயப்போடுகிற இடம். மரங்கள் எல்லாம் அடியில் வளைந்துதான் இருந்தன. கம்பம் சாய்ந்துதான் இருந்தது. பின்சுவரில் ஜன்னலுக்குக் கீழே கோணலாக ஒரு விரிசல், மாமா இரண்டு முறை சிமெண்ட் பூசியும் திரும்பத் திரும்ப எட்டிப் பார்ப்பது. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், "சும்மா இருக்கறவளையும் பயமுறுத்தாதே" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

மாமா கேட்டுவிட்டுச் சிரித்தார். "கட்டின வீடுன்னா நாலு விரிசல் இருக்கும். கரப்பானுக்குப் பயந்தவ இப்ப மலைக்குப் பயப்படறா. பரவால்ல, முன்னேற்றம்தான்" என்றார். அந்தச் சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. தொட்டிலை நகர்த்தலாமா என்று யோசித்தவள் அப்படியே விட்டுவிட்டேன்.

அவள் பேராசிரியரிடம் போய் அழாத குறையாகக் கேட்டிருக்கிறாள். அவர் நிதானமான மனிதர் போலிருக்கிறது. "பயப்படாதே, அளந்து பார். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடி ஒட்டு. கண்ணாடி வளைஞ்சு கொடுக்காது. விரிசல் பழசா இருந்தா கண்ணாடி அப்படியே இருக்கும். அது இன்னும் நகர்ந்தா உடையும்" என்றாராம். ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்புக்கு வைக்கிற மெல்லிய கண்ணாடித் தகடுகளை ஒரு பெட்டி நிறையக் கேட்டு வாங்கி வந்தாள். விரிசலின் மேலே ஒன்று, கீழே ஒன்று, பசை போட்டு இரண்டு முனையையும் சுவரில் ஒட்டினாள். மிச்சத்தைப் பெட்டியோடு அலமாரியில் வைத்தாள். "யாரும் தொடாதீங்க" என்று எல்லோரிடமும் சொன்னாள். எப்போதும் போல அது கெஞ்சலாகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் செருப்பைக் கழற்றியதும் பின் அறைக்கு ஓடுவாள். கண்ணாடி முழுசாக இருக்கும். பெருமூச்சு விடுவாள். முகத்தில் ரத்தம் திரும்பும். மழைக்காலம் தொடங்கியது, கண்ணாடி முழுசாகவே இருந்தது. நானும் துணி காயப்போடும்போது மலையைப் பார்ப்பதை விட்டேன். "என்ன பயில்வான், மலை எப்படியிருக்கு, நல்லா சாப்பிடுதா?" என்று மாமா கேட்டால் அவளும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

விடாமல் மழை பெய்த ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், மிச்சத் தகடுகளை ஆய்வகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அலமாரியைத் திறந்தாள். பெட்டி ஏறக்குறைய காலி.

"அண்ணி, இதுல இருந்து யாராவது எடுத்தீங்களா?"

எனக்குச் சுர்ரென்றது. "உன் கண்ணாடிய எடுத்து நான் என்ன முகமா பாக்கப் போறேன்?" என்றேன். அப்போது என் மாமியார் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றார். அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் எது உடைந்தாலும், யார் உடைத்தாலும், முதலில் மன்னிப்புக் கேட்பவர் அவர்தான். பால் திரிந்தால் தன் தப்பு, பஸ் தாமதமாக வந்தால் தன் தப்பு என்று நினைக்கிற பிறவி.

"நான்தாம்மா எடுத்தேன். திட்டாத. அன்னிக்குச் சுவரத் துடைக்கும்போது ஒண்ணு ஒடஞ்சிடுச்சு. நீ பாத்தா மனசு கஷ்டப்படுவியேன்னு அதே மாதிரி வேற ஒண்ண ஒட்டிட்டேன்."

பயில்வான் பெட்டியைப் பார்த்தாள். "ஒண்ணுதானா?"

"இல்ல... அப்புறமும் ஒடஞ்சுது. என் கை அப்படி. எவ்வளவு பதமா துடைச்சாலும் ஒடஞ்சு போச்சு. அதனால அந்தப் பக்கம் துடைக்கறதையே விட்டுட்டேன்."

"விட்டப்புறம் ஒடையலையே?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். "ஒடஞ்சுதும்மா. நேத்துகூட ரெண்டும் ஒடஞ்சு கிடந்துச்சு. பூனை தட்டியிருக்கும்னு நினைச்சு மாத்தி ஒட்டினேன்."

பயில்வான் கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். எங்களைப் பல வாரங்கள் நிம்மதியாகத் தூங்க வைத்தது மலை இல்லை, அத்தையின் பசை டப்பா. அது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் ஓடிப்போய்த் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கினேன்.

அண்ணனை இழுத்துக்கொண்டு, ஓரமாக இருக்கும் பாறைப் பாதை வழியாகப் பயில்வான் மேலே ஏறினாள். இருவரும் திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரர் நேரே பையை எடுத்துத் துணியைத் திணித்தார். புதருக்கு நடுவே நிலம் பிறைபோல வளைந்து பிளந்திருந்ததாம். பயில்வான் கையை விட்டுப் பார்த்திருக்கிறாள், முழங்கை வரை உள்ளே போயிருக்கிறது.

"கிளம்புங்க. இப்பவே" என்றாள்.

மாமா நாற்காலியை விட்டு அசையவில்லை. "உறுதியாச் சொல்லு. இன்னிக்கு விழுமா?"

"தெரியாதுப்பா."

"நாளைக்கு?"

"தெரியாது. இன்னிக்கா, அடுத்த வருஷமான்னு யாராலயும் சொல்ல முடியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இத்தன வருஷப் படிப்பு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், "நீங்க இருங்க மாமா, நான் என் பொண்ணத் தூக்கிட்டுப் போறேன்" என்று வாசலுக்கு வந்தேன். எனக்கு முன்னால் அத்தை போய்விட்டிருந்தார். கொட்டுகிற மழையில், குடையில்லாமல், தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாடி, ஜுரம் வந்துடும்!" என்று மாமா கத்தினார்.

"நீங்க வெளிய வாங்க" என்றார் அத்தை. அவர் மாமாவுக்குக் கட்டளை போட்டு நாங்கள் யாரும் கேட்டதில்லை. மாமாவே கேட்டதில்லை போலும். எழுந்து வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற மரச்சாமான் கடையின் முதலாளி, பின்பக்கக் கிடங்கைத் திறந்துவிட்டார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகளில் உட்கார்ந்தோம். அசைந்தால் சரக் சரக் என்று சத்தம். அன்று விழவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் விழவில்லை. அடுத்த வீட்டுத் தையல்காரர் போன் பண்ணி, "உங்க வீடு இன்னும் இங்கதான் இருக்கு, எங்கயும் போகல" என்று சொல்லிச் சிரித்தார். மாமா போனை என் கையில் கொடுத்துவிட்டு மகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் பயில்வான் என் பக்கத்தில் வந்து ஒண்டிக்கொண்டாள். குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே, யாருக்கும் கேட்காமல் சொன்னாள். "அண்ணி, எனக்கு என்னப் பாத்தே பயமா இருக்கு. வீடு விழணும்னு வேண்டிக்கிட்டேன். நான் சொன்னது பொய்யாயிடக் கூடாதுன்னு, அப்பா கட்டின வீடு விழட்டும்னு வேண்டிக்கிட்டேன்."

நானும் பாதி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடித்தது. டீ வாங்கி வருவதாகச் சொல்லிப் போன மாமா வரவில்லை. அத்தை பையைத் துழாவிப் பார்த்து, "வீட்டுச் சாவியக் காணோம்" என்றார்.

பயில்வான் அப்போது எழுப்பிய சத்தம் மனுஷக் குரல் மாதிரி இல்லை. மழை விட்டாலும் தண்ணீர் மண்ணுக்குள்தானே இருக்கும், அது எங்களைவிட அவளுக்குத்தானே தெரியும். செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். சாலையைக் கடக்க ஆள் தேடுகிறவள், ஹாரன் அடிக்கிற லாரிகளுக்குக் குறுக்கே ஓடினாள். நான் குழந்தையை அத்தையிடம் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். மூச்சு வாங்கியது, அடிவயிறு இழுத்துப் பிடித்தது. என் காதில் அவள் முந்தின நாள் வேண்டிக்கொண்டது மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

தெரு திரும்பியதும் வீடு தெரிந்தது. முன் அறை ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. ஈரம் காயட்டும் என்று மாமா திறந்து வைத்திருக்கிறார்.

"அப்பா! அப்பா!"

அந்தக் கூச்சலுக்குத் தெருவில் அத்தனை கதவும் திறந்தன. யாரையோ வெட்டுகிறார்கள் என்று நினைத்துத்தான் மாமாவும் வெளியே வந்திருப்பார். கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏன் இப்படி ஊரக் கூட்டற?" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். அவருக்குப் பின்னால் மரங்கள் நின்ற வாக்கிலேயே கீழே இறங்கி வந்தன. என் அறை முதலில் போனது. சமையலறை போனது. அவர் திறந்து வைத்த ஜன்னல் வழியாகச் சேறு வெளியே வழிந்தது.

எல்லாம் அடங்கியபோது மாமா தெருவிலேயே உட்கார்ந்திருந்தார். பயில்வான் அவரை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். அடித்து ஓய்ந்ததும் என்னிடம் திரும்பி, "கேட்டேன், கிடைச்சிடுச்சு அண்ணி" என்றாள். ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். அதற்குப் பிறகு வெகுநாள் அவள் கண்ணை மூடித் தூங்கவில்லை.

படிப்பை விட்டுவிடுவாள் என்று நினைத்தோம். விடவில்லை. முடித்தாள், மேலேயும் படித்தாள். இப்போது சரிவுகளைக் கவனிக்கிற அரசாங்க ஆபீசில் வேலை. கரப்பானைக் கண்டால் இன்றும் கட்டில் மேல்தான். லிஃப்டில் இன்றும் ஏறமாட்டாள். ஆனால் மழை பிடித்துக்கொண்டால், மலையடித் தெருக்களில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறவள் அவள்தான். இன்றைக்கு விழுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். "தெரியாது. ஆனா எறங்கிடுங்க" என்கிறாள். சமைத்ததை அப்படியே விட்டுவிட்டு, படுத்த கிழவர்களைத் தூக்கிக்கொண்டு, சபித்துக்கொண்டே இறங்குகிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் விழுவதில்லை. விடிந்ததும் ஆபீஸ் வாசலில் வந்து நின்று கத்துகிறார்கள்.

போன வாரமும் அப்படித்தான். மத்தியானம் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தாள், கண்ணெல்லாம் சிவந்து, புடவை முழுக்கச் சேறு.

"விழலையா?" என்றேன்.

"விழல அண்ணி."

"ரொம்பத் திட்டினாங்களா?"

"கிழிச்சுத் தொங்க விட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நல்லா நிறையப் போடுங்க அண்ணி, அகோரப் பசி."