எத்தனை நரி சேர்ந்தால் ஓர் ஓநாய்

போன மாதம் தஞ்சாவூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் தொலைக்காட்சி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மிருகங்களைக் காட்டும் சேனல். இப்போதெல்லாம் அது தமிழே பேசுகிறது. மஞ்சள் தோலில் கரும்புள்ளிகளோடு ஒன்று மானைத் துரத்த, ஒரு கனத்த குரல், "இந்தச் சீட்டா இப்போது தன் முழு வேகத்தில்..." என்றது. சீட்டாவாம்! எனக்குச் சுருக்கென்றது. "சிவிங்கின்னு சொல்லேண்டா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். தங்கை அடுக்களையிலிருந்து, "அக்கா, அவன் ஒன்கிட்டயா பேசுறான்?" என்றாள்.

சத்தத்தைக் குறைக்கலாம் என்று கிட்டே போனேன். பெட்டிமேல் இருந்த சின்னக் கேபிள் டப்பா கொதித்துக்கொண்டிருந்தது. சூடான கம்பியும் தூசியும் கலந்த ஒரு வாசனை வருமே, அது. மல்லிகை, மண்வாசனை என்று மற்றவர்களுக்கெல்லாம் என்னென்னவோ வாசனையில் பழசு திரும்பும். எனக்கு வாய்த்தது இதுதான். அந்த வாசனை என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் திருத்துறைப்பூண்டியில் ஓர் அரிசி ஆலையின் மாடி அறை.

ஆலை மூடிப்போய்ப் பல காலம். மாடியை வாடகைக்கு எடுத்திருந்தவர் செல்வம் அண்ணன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வந்தவர்களெல்லாம் வீடு கட்டினார்கள், இவர் மட்டும் மொட்டை மாடியில் ஒரு பெரிய குடையைக் கவிழ்த்து வைத்துக் கேபிள் இழுத்தார். ஊரே சிரித்தது. ஆறு மாதத்தில் சிரித்தவர்களெல்லாம் இணைப்புக் கேட்டு வாசலில் நின்றார்கள். ஆனால் மிருக சேனலை மட்டும் யாரும் பார்க்கவில்லை, அது முழுக்க ஆங்கிலம். செல்வம் அண்ணனுக்கோ அதன்மேல்தான் உயிர். நான் அப்போது விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் வந்து கேட்டார்:

"மிருகம் என்ன இங்கிலீஷா பேசுது? அந்த ஆளு சத்தத்தக் கொறச்சுட்டு, நம்ம பொண்ணு தமிழ்ல பேசட்டும்."

"மூஞ்சி தெரியாதுல்ல?" என்று அம்மா கேட்டார். தெரியாது என்றார். "அப்பச் சரி" என்றார் அம்மா. என் முகத்தைப் பற்றி அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நாங்கள் லுத்தரன் சபைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வேதபாடம் வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் முதல் நாள் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்ததும், "அப்பொழுது சிங்கமானது எழுந்து, மான்கூட்டத்தை நோக்கிப் புறப்பட்டது" என்று ஆரம்பித்துவிட்டேன். செல்வம் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஜெபம் பண்ற மாதிரி இருக்கும்மா. பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி பேசு." பேசினேன். சாக்கட்டியைத் தொட்டதே இல்லை என்றாலும் அந்த வாரத்திலிருந்து ஊருக்கு நான் டீச்சர்.

வந்தது வினை பெயரில். புள்ளி போட்ட எல்லாப் பூனையும் நம் ஊரில் சிறுத்தைதான். மரத்தில் இரையைத் தூக்கி வைப்பதும் சிறுத்தை, வெட்டவெளியில் பறப்பதும் சிறுத்தை. எனக்கு மனசு ஒப்பவில்லை. நூலகத்தில் அகராதியைப் புரட்டி, வேகமாக ஓடுவதற்குச் சிவிங்கி என்று பெயர் என்று கண்டுபிடித்து, மறுநாள் பெருமையாக, "இதோ சிவிங்கி மானைத் துரத்துகிறது" என்றேன். தொலைபேசி அடித்தது. "நாங்களும் ரொம்ப நேரமா பாக்குறோம் டீச்சர், கழுத்து நீளமா ஒண்ணுமே வரலீங்களே" என்றார் ஒருவர். ஒட்டகம் மாதிரிக் கழுத்தும் சிவிங்கி மாதிரிப் புள்ளியும் இருப்பதால்தான் அதற்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் என விளக்கினேன். யார் கேட்டார்கள்? ஒட்டகச்சிவிங்கி மான் தின்னும் என்று நான் சொன்னதாக இன்றைக்கும் அந்த ஊரில் நாலு பேர் சொல்லக்கூடும்.

ஆனாலும் அந்தச் சிவிங்கியை ஊர்ப் பெண்களுக்குப் பிடித்துப்போனது. ஓட்டத்தில் அதை அடிக்க ஆளில்லை, பலத்தில் சோப்ளாங்கி. நாக்குத் தள்ள ஓடிப் பிடித்ததைக் கழுதைப்புலி வந்து உறுமினால் விட்டுவிட்டுப் போய்விடும். "ஓடுனது ஒருத்தி, உக்காந்து திங்கிறது இன்னொருத்தனா?" என்று எதிர்வீட்டு அக்கா என்னிடம் சண்டைக்கே வந்தார், நான்தான் பிடுங்கிக் கொடுத்த மாதிரி.

ஆண்களுக்கு வேறு கவலை. சிங்கமா புலியா? செல்வம் அண்ணன் சிங்கக் கட்சி, சோறு போட்ட ஊரின் பெயரிலேயே சிங்கம் இருக்கிறதல்லவா. எதிர்க்கட்சி உரக்கடை நடேசன். "சோழன் கொடியில பறந்தது என்ன, ஆட்டுக்குட்டியா?" என்று தொடை தட்டுவார். சனிக்கிழமை சாயங்காலம் கேள்வி நேரம் என்று ஒன்று வைத்திருந்தோம், இருவருமே மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். புலி தனியாகப் பதுங்கி வேட்டையாடும், பின்னங்காலில் எழுந்து இரண்டு கையாலும் அறையும், சிங்கத்துக்குப் பிடரிமயிர் கழுத்துக் கவசம், ஆனால் அந்த வீட்டில் பெரும்பாலும் வேட்டைக்குப் போவது பெண்சிங்கம்தான் என்றெல்லாம் சொல்வேன். "அப்ப வீட்டம்மா சம்பாத்தியம்னு சொல்லுங்க" என்பார் நடேசன். அன்றைய வெற்றி புலிக்கு.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் மலர்க்கொடி படியேறி வந்தார். பக்கத்துக் கிராமம், என்னைவிட ஐந்தாறு வயது மூத்திருப்பார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு நின்றார். கேள்வி கேட்க வந்தீர்களா என்றதற்குத் தலையாட்டினார்.

"எத்தன நரி சேந்தா ஒரு ஓநாய் டீச்சர்?"

நடேசன் சிரித்துவிட்டார். "சிங்கம் புலின்னு கேக்க வேண்டிய எடத்துல நரிக் கணக்குக் கேக்குறியேம்மா!" எனக்கும் சிரிப்புத்தான். ஓநாயை நான் பார்த்தது பனிப் பிரதேசத்துப் படம் ஒன்றில். கன்றுக்குட்டி உயரம் இருந்தது. மனசுக்குள் நரியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, "நாலு இருக்கும்" என்று ஒலிவாங்கியில் சொன்னேன்.

"நாலா?" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் விஷயம் வந்தது. அவர் கணவர் கலியபெருமாள் சவுதியில் இருந்தார். ஆற்றில் தண்ணீர் வராமல் அடுத்தடுத்துக் குறுவை போய், சம்பாவும் பாதி காய்ந்து, வயல் வேலையை நம்பி இருந்த வீட்டில் அடுப்பெரிய வழி இல்லாமல் போனது. தோட்ட வேலை என்றுதான் ஏஜெண்ட் சொன்னாராம். போய் இறங்கியதும் பாலைவனத்தில் ஓர் ஆட்டு மந்தையைக் காட்டியிருக்கிறார்கள். விடுமுறையில் வந்த யாரோ ஒருவர் மூலம் அவர் பேசி அனுப்பிய கேசட் மஞ்சள் பையில் இருந்தது. போட்டுக் கேட்டோம். ஆடு சுகமாக இருக்கிறது, ரொட்டி பழகிவிட்டது என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்: "பொழுது சாஞ்சா ஏதோ ஊளையிடுது. நரி மாதிரியும் இருக்கு, நரி இல்லாத மாதிரியும் இருக்கு. ஓநாய்ங்கிறாங்க. நீ பயப்படாத."

"பயப்படாதங்கிறப்ப அவரு கொரலே எறங்கிப்போவுது. எனக்குத் தெரியாதா?" என்றார் மலர்க்கொடி. "நம்மூர்ல எங்க ஆட்டுப் பட்டியில நரி பூந்தப்ப, மம்முட்டிக் காம்ப எடுத்துக்கிட்டு ஒண்டியா வெரட்டுனாரு. ஒரு நரின்னா பாத்துக்குவாரு. நாலு நரின்னா என்ன டீச்சர் பண்ணுவாரு?"

ஊரெல்லாம் பொழுதுபோகாமல் கேட்ட கேள்வியை ஒருத்தி உயிரைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடேசன் எழுந்து போய், கடையில் டீ வாங்கிக்கொண்டு அவரே படியேறி வந்தார். அன்று புலியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"ஓநாயைப் பத்தி நீங்களே பேசி ஒரு கேசட் போட்டுக் குடுங்க, அவருக்கு அனுப்புறேன்" என்று மலர்க்கொடி கேட்டார். மறு வாரம் என் பாடப்புத்தகங்களை எல்லாம் கிளறிவிட்டு உட்கார்ந்தேன். ஓடுகிறவனைத்தான் அது துரத்தும், ஓடாதீர்கள். நிமிர்ந்து நின்று தகரத்தைத் தட்டுங்கள். நொண்டி ஆட்டையும் குட்டியையும் நடுவில் விடுங்கள். அது கூட்டமாக வந்து மந்தையைச் சுற்றும், முதுகைக் காட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த பனிக்காட்டு ஓநாயை முழுசாகப் பாலைவனத்தில் இறக்கிவிட்டேன்.

பிறகு மலர்க்கொடி பேசினார். நிறையப் பேசுவார் என்று நினைத்தேன். "நரி வலம் போனா என்ன, எடம் போனா என்ன, மேல விழுந்து புடுங்காம இருந்தாச் சரின்னு உங்கம்மா சொல்லும்ல, அதான் நானும் சொல்றேன். ஆடு போனாப் போவுது. நீங்க வாங்க" என்றார். அவ்வளவுதான். அவர் முடிக்கவும் ஆலைக்குப் பின்னால் கருவை மண்டிய திடலிலிருந்து நரிகள் ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. ஒன்று தொடங்க, வயல் தாண்டி இன்னொன்று எடுத்துக்கொடுக்க, ஒரே கச்சேரி. செல்வம் அண்ணன் தலையில் கைவைத்தார். "எல்லாம் பதிஞ்சு போச்சு. மொதல்லேருந்து இன்னொரு தரம் பேசும்மா."

"இருக்கட்டுங்க" என்றார் மலர்க்கொடி. "அதுவும் அவருக்குத் தெரிஞ்சதுதானே."

அதற்கப்புறம் சன்னம் சன்னமாகத் தமிழ்ச் சேனல்கள் பெருகின. பாட்டும் படமும் இருக்கும்போது ஓநாயை யார் பார்ப்பார்கள்? என் வர்ணனை வாரம் ஒருநாளாகிப் பிறகு நின்றது. கேபிள் அறையில் நான் ரசீது எழுதிக்கொண்டிருந்த ஒரு நாளில் மலர்க்கொடி மறுபடி படியேறி வந்தார். பின்னால் கறுத்து மெலிந்த ஓர் ஆள், கையில் சென்ட் பாட்டிலும் பேரீச்சம்பழமும். "யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார் மலர்க்கொடி. சொல்ல வேண்டியதே இல்லை, முகம் அப்படி மலர்ந்திருந்தது. "நரி மொகத்துல முழிச்சிருக்கம்மா இன்னிக்கு" என்றார் செல்வம் அண்ணன், சென்ட் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே.

கலியபெருமாள் உட்காரவே கூச்சப்பட்டார். ஓநாய் வந்ததா என்று நான்தான் கேட்டேன்.

"வந்துச்சுங்க. நீங்க சொன்ன மாதிரி கூட்டமால்லாம் வரல டீச்சர். நானும் கூட்டம் வரும், கூட்டம் வரும்னு தகரத்த வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒத்தையாத்தான் வந்துச்சு. கடத்தெரு நாய் ஒசரம், வத்தலா. ஓடாம நின்னு தட்டுனேன், போயிருச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டுங்க. ரெண்டு நரி சேந்தா ஒரு ஓநாய். அவ்ளோதான்" என்றார்.

"நெசமாவே ரெண்டுதானா? எனக்காகக் கொறச்சுச் சொல்றீங்களா?" என்றார் மலர்க்கொடி.

"ரெண்டுதான்டி" என்று சிரித்தார். ஒரு நரியை விரட்டியவர் இரண்டு நரியை எதிர்த்து ஒற்றையாக நின்றிருக்கிறார். அது எனக்குச் சிங்கம் புலியைவிடப் பெரிதாகப் பட்டது. வெகுகாலம் கழித்து, பாலைவன ஓநாய் சின்னதுதான் என்று எங்கோ படித்தேன். அவர் கணக்குச் சரி, தப்பு என்னுடையது.

கிளம்பும்போது படியில் நின்று ஒன்று சொன்னார். "அந்தக் கேசட்டத் தெனம் போடுவேங்க. கோவிச்சுக்காதீங்க, நீங்க பேசுறத ஓட்டிருவேன். இவ பேசி முடிச்சு நரி கத்துதுல்ல, அங்கேருந்து போடுவேன். வெளியில கத்துறது நரி இல்லன்னு அதக் கேட்டுத்தான் புரிஞ்சுது. அதக் கேட்டாத்தான் தூக்கமும் வரும்."

தங்கை வீட்டிலிருந்தே அன்று மலர்க்கொடிக்குத் தொலைபேசினேன். செல்வம் அண்ணன் இல்லை. மாடி அறையும் இல்லை, ஆலையை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். திடலைச் சமப்படுத்தி மனை போட்டு வண்ணக் கல் ஊன்றியிருக்கிறார்கள். மலர்க்கொடியின் மகன் இப்போது சிங்கப்பூரில். எல்லாம் பேசிவிட்டு, "நரி கத்துதா?" என்று கேட்டேன். "எப்ப நின்னுச்சுன்னே தெரியல டீச்சர். அந்தக் கேசட்டும் சிக்கிக்கிட்டு அறுந்துபோச்சு. இவருதான் இப்பவும் சில நாளு பொழுது சாஞ்சா வாசல்ல உக்காந்து காது குடுத்துக்கிட்டு இருப்பாரு" என்றார் மலர்க்கொடி.

நான் போனை வைத்ததும் தங்கையின் பேரன் வந்து மடியில் ஏறினான். சிங்கத்துக்கும் புலிக்கும் சண்டை வந்தால் எது ஜெயிக்கும் என்று கேட்டான். "அது கெடக்கட்டும், எத்தன நரி சேந்தா ஒரு ஓநாய்? சொல்லு" என்றேன். தெரியாது என்றான். ரெண்டு என்றேன். அவன் இரண்டு விரலை நீட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"நரி எவ்ளோ பெருசு, பாட்டி?"